வான்செய்திக்குச் சந்தா

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி, ஸ்ரீபெரும்பூதூரைத் தொட்டு, தெற்கே வல்லம், ஒரகடம் வரை பரந்து கிடக்கும் தொழிற்பேட்டைகளில் மோட்டார் வாகனமும் கண்ணாடியும் கைபேசியும் உற்பத்தியாகின்றன என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும், அவற்றையெல்லாம்விடக் கண்டிப்பாக அங்கே காவல் செய்யப்படும் சரக்கு, தொழிலாளர் ‘டிராயிங்’ என்று வழங்கும் வரைபடமே ஆகும். ஒரு சிறு உதிரிப்பாகத்தின் விட்டம் இத்தனை மில்லிமீட்டர், அதில் இத்தனை மைக்ரான் கூடுதல் குறைச்சலுக்கு இடமுண்டு என்னும் விவரம், தாய்க் கம்பெனியின் சம்மதமின்றி மதிலைத் தாண்டலாகாது. உள்ளே நுழைவோரின் கைபேசிக் காமிராவின்மேல் ஒட்டுத்தாள் ஒட்டி அனுப்பும் வழக்கமும் அதன் பொருட்டே. மனிதன் தன் புத்தியால் கற்பித்துக்கொண்ட பொருளுக்கு இவ்வளவு காவல் நியாயமே என்று வைத்துக்கொண்டாலும், எவரும் கற்பிக்காததும் எவராலும் வேலியிடவொண்ணாததுமான வானத்தில் நிகழும் ஒன்றைக் கண்டு சொல்லும் செய்திக்கும் விலையும் உரிமையும் உண்டோ என்னும் வினா எழத்தான் செய்கிறது. அது வெறும் தர்க்க விநோதமன்று. வால்வெள்ளியும் வெடிக்கும் விண்மீனும் தோன்றிய செய்தியை உலகின் வானாய்வு நிலையங்களுக்கு ஏந்திச் சென்ற சுற்றறிக்கைகள் நெடுங்காலம் சந்தா கட்டினவர்க்கே உரியனவாக இருந்தன. அவற்றின்மேல் பதிப்புரிமையும் கோரப்பட்டது.

சட்டத்தின் நிலையை முதலில் சொல்லிவிடலாம், அது சுருக்கமானது. பதிப்புரிமை என்பது கருத்துக்கும் உண்மைக்கும் அன்று, அவற்றைச் சொன்ன வடிவத்துக்கே உரியது என்பதை நம் உச்ச நீதிமன்றம், ஒரு நாடகத்தையும் ஒரு திரைப்படத்தையும் பற்றி எழுந்த ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் 1978ஆம் ஆண்டிலேயே வகுத்துரைத்தது. நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் ஈஸ்டர்ன் புக் கம்பெனியின் வழக்கில், 2007 டிசம்பரில், வெறும் உழைப்பும் பணச்செலவும் உரிமைக்குப் போதா, தொகுத்தவரின் திறனும் விவேகமும் தொகுப்பிலே புலப்படவேண்டும் என்றும் அது தீர்த்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991இல் தொலைபேசி எண் புத்தகம் ஒன்றைப் பற்றி இதையொத்த முடிவுக்கே வந்திருந்தது. ஆகவே, இன்ன நாள் இன்ன நேரத்தில் இன்ன பாகையில் ஒரு வால்வெள்ளி காணப்பட்டது என்னும் உண்மைக்கு உடைமையாளர் எவருமில்லை. அதை விவரிக்கும் வாசகத்துக்கு இருக்கலாம். சந்தா கட்டி அறிந்துகொண்ட ஒருவர் அந்த எண்களைத் தம் சொந்த நடையில் ஊரறியச் சொன்னால், வேறு ஒப்பந்தம் எதற்கும் அவர் கையொப்பமிட்டிராத வரையில், பதிப்புரிமைச் சட்டம் அவரைத் தடுப்பதற்கில்லை. உண்மைக்கு உரிமையில்லையென்றால் சந்தா எதன் விலை என்பதே ஆராயத்தக்கது. அதற்கு விடை காண, சட்டப் புத்தகத்தைக் காட்டிலும் நம் நுங்கம்பாக்கத்தின் சரித்திரமே மிகுதியாகத் துணை செய்கிறது.

1792ஆம் ஆண்டு முதல் அங்கே இயங்கிவந்த சென்னை வானாய்வு நிலையத்துக்கு, 1872 நவம்பர் இறுதியில், ஜெர்மனியின் கெட்டிங்கன் நகரிலிருந்து ஒரு தந்தி வந்தது. அம்மாதம் 27ஆம் நாள் இரவு ஐரோப்பாவில் எரிமீன்கள் மழையெனப் பொழிந்திருந்தன. இருபதாண்டுகளாகக் கண்ணுக்கு அகப்படாமல் மறைந்திருந்த பீலா என்னும் வால்வெள்ளியின் துகள்களே அவை என்று ஊகித்த கிளிங்கர்ஃபூஸ் என்னும் வானவியலறிஞர், எரிமீன்கள் ஆந்திரமேடா மண்டலத்தின் திசையிலிருந்து வந்தனவாகையால், பூமியைக் கடந்துபோன வால்வெள்ளி அதற்கு நேரெதிர்த் திசையில், தென்வானத்துச் சென்டாரஸ் மண்டலத்தில் தென்படவேண்டும் என்று முடிவு செய்தார். ஐரோப்பாவிலிருந்து அவ்விடம் அடிவானத்துக்குக் கீழே கிடப்பது. நில நடுக்கோட்டுக்கு 13 பாகை வடக்கே அமைந்த சென்னையிலிருந்தோ விடியற்காலையில் அதைக் காணலாம். எனவே, பீலா பூமியைத் தொட்டுச் சென்றுவிட்டது, தீட்டா சென்டாரி விண்மீனுக்கு அருகே தேடுக என்னும் பொருள்பட எண்ணிச் சில சொற்களே கொண்ட தந்தியை, நிலையத்தின் தலைவரான நார்மன் ராபர்ட் போக்சனுக்கு அவர் அனுப்பினார். வடகிழக்குப் பருவமழைக் காலமாயினும், டிசம்பர் தொடக்கத்தில் மேகம் சற்றே விலகிய ஒரு விடியலில் போக்சன் அத்திசையில் ஒரு வால்வெள்ளியைக் கண்டார். மறுநாள் விடியலிலும் கண்டார். அதன்பின் வானம் மூடிக்கொண்டது. அந்த வால்வெள்ளியை அவரையன்றி வேறெவரும் கண்டதில்லை. அது பீலாவே அன்று, தற்செயலாக அவ்வழியே போன வேறொன்று என்பது பிற்காலத்தாரின் துணிபு.

ஒரு வால்வெள்ளியின் சுற்றுப்பாதையைக் கணிக்கக் குறைந்தபட்சம் மூன்று வெவ்வேறு வேளைகளில் அதன் இடம் அளக்கப்பட்டிருக்க வேண்டும். போக்சனிடம் இருந்தவையோ இரண்டு காலைகளின் அளவைகள். தென்பகுதி நிலையங்கள் பலவற்றுக்கும் ஒரே வேளையில் செய்தி பரப்பும் ஏற்பாடு அன்று இருந்திருக்குமானால் மூன்றாவது அளவை வேறெங்கிருந்தேனும் கிடைத்திருக்கக்கூடும். வான்செய்தியின் விலை இங்கேதான் பிறக்கிறது. செய்தி எவருடையதுமன்று, ஆனால் அது கெடுவதற்குள் போய்ச் சேரவேண்டும், போய்ச் சேர்ப்பதற்குக் கம்பியும் ஆளும் காசும் வேண்டும். ஐரோப்பாவையும் இந்தியாவையும் இணைத்த கம்பி 1870இல்தான் செவ்வனே வேலை செய்யத் தொடங்கியிருந்தது. சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் கறந்த காலத்தில் கிளிங்கர்ஃபூஸ் காட்டிய சொற்சிக்கனம் இலக்கண நூலாரையும் மகிழ்விக்கத்தக்கது.

அடுத்த ஆண்டே, 1873இல், வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோசப் ஹென்றி, வானவியல் கண்டுபிடிப்புகளைக் கட்டணமின்றியே அனுப்பித் தருமாறு அட்லாண்டிக் கடற்கம்பிக் கம்பெனிகளைச் சம்மதிக்கச் செய்தார் என்பது கவனிக்கத்தக்கது. ஆக, இத்துறையில் முதலில் தோன்றியது சந்தா அன்று, இலாபம் கருதும் கம்பெனிகளின் தயாளமே. தயாளத்தை நம்பி நித்திய காரியம் நடவாது. 1882இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஏற்பட்ட மத்திய அலுவலகம், செய்தி வாங்குவோரைச் சேர்த்துக்கொண்டு, வால்வெள்ளியின் இடத்தையும் ஒளியையும் ஐந்தைந்து இலக்கங்களாகச் சுருக்கி, வழியில் ஓர் இலக்கம் பிழைபட்டாலும் வாங்குவோர் கூட்டிப் பார்த்துக் கண்டுகொள்ளும்படி ஒரு சரிபார்ப்பெண்ணையும் சேர்த்து அனுப்பும் முறை நிலைபெறுவதற்கு வழிகோலியது. முதல் உலக யுத்தத்தின்போது அவ்வலுவல் கோபன்ஹேகனுக்குச் சென்றது. 1922இல் சர்வதேச வானவியல் ஒன்றியம் அதைத் தன் அதிகாரபூர்வமான அலுவலகமாக ஏற்றது. 1964 இறுதியில் அது அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகருக்கு, ஸ்மித்சோனியன் வானியற்பியல் நிலையத்துக்கு இடம்பெயர்ந்தது.

இதனிடையே சென்னையில் நடந்த வேறொரு காரியம், உண்மைக்கும் அதன் வடிவத்துக்கும் உள்ள வேற்றுமையை எந்த வழக்கறிஞரும் விளக்காத வகையில் விளக்குகிறது. போக்சனின் முதல் உதவியாளராக இருந்தவர் பஞ்சாங்கக் குடும்பத்தில் பிறந்த சிந்தாமணி ரகுநாதாசாரி. 1867இல் ரெட்டிகுலம் மண்டலத்தில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874இல் நிகழவிருந்த சுக்கிரன் கடப்பைப் பற்றி ஆங்கிலத்திலும் நம் நாட்டு மொழிகள் சிலவற்றிலும் சிறு நூல் எழுதி, பொதுமக்கள் முன்கூட்டியே அறியச் செய்தவர். பழைய வாக்கியக் கணிதத்தால் வரும் கிரகண நேரம் வானத்தில் காணும் நேரத்தோடு பொருந்தாமையைத் தொலைநோக்கியின் வாயிலாகத் தினமும் கண்ட அவர், பிரிட்டிஷ் அரசாங்கம் 1767ஆம் ஆண்டுக்குரியது முதல் வெளியிட்டுவந்த நாவிகப் பஞ்சாங்கத்தின் கணிதத்தை ஆதாரமாகக் கொண்டு, திருக்கணிதப் பஞ்சாங்கம் ஒன்றை ஆண்டுதோறும் கணித்து வெளியிட்டார். கப்பலோட்டிகளின் உபயோகத்துக்கென்று லண்டனில் அச்சான சூரிய சந்திர ஸ்புடங்கள், சென்னையில் திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் என்னும் ஐந்து அங்கங்களாக உருமாறின. மூல எண்கள் ஒருவருடையவை என்றால், திதியாக்கிய சிரமம் மற்றொருவருடையது. இதைத் திருட்டென்று எவரும் சொல்லவில்லை. எதிர்ப்பு எழுந்தது உண்மையே, ஆனால் அது வைதிகர்களிடமிருந்து எழுந்தது. அவர்களுடைய குறை, பிறருடைய எண்களை எடுத்தாண்டார் என்பதன்று, முன்னோர் எண்களைக் கைவிட்டார் என்பதே.

அந்த வாக்கிய–திருக்கணிதப் பூசல் இன்னமும் ஓய்ந்தபாடில்லை. ஸ்ரீபெரும்பூதூரில் உடையவராகிய ராமானுஜரின் அவதார உற்சவம் சித்திரைத் திருவாதிரையில் நிகழ்வது. திருவாதிரை எந்நாளில் எத்தனை நாழிகை நிற்கிறது என்பதைப் பஞ்சாங்கம் பார்த்தே சொல்லவேண்டும். பஞ்சாங்கக்காரர் தம் புத்தகத்தை விலைக்கு விற்கிறார், அட்டைக்கும் தாளுக்கும் கணித சிரமத்துக்கும் காசு வாங்குகிறார், திருவாதிரையை எவருக்கும் விற்கவில்லை. மேகநாத் சாகா தலைமையில் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955இல் அளித்த அறிக்கையின் பயனாக, மத்திய அரசே 1957 முதல் ராஷ்ட்ரீய பஞ்சாங்கத்தையும், 1958 முதல் இந்திய வானநிலைக் கணிதத் தொகுதியையும் வெளியிட்டுவருகிறது. இன்று கல்கத்தாவிலுள்ள நிலைசார் வானவியல் மையம் இவற்றைக் கணிக்கிறது. இங்கே நம் சட்டத்தின் ஒரு விசித்திரத்தைச் சொல்லாமற்போக முடியாது. அமெரிக்க மத்திய அரசின் பிரசுரங்களுக்கு அந்நாட்டில் பதிப்புரிமையே இல்லை; நம் 1957ஆம் ஆண்டுச் சட்டமோ அரசாங்கத்தின் படைப்புக்கு அரசாங்கத்தையே உரிமையாளராக்கி, வெளிவந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் அவ்வுரிமையை நீட்டியிருக்கிறது. குடிகளின் வரிப்பணத்தில் கணித்த அமாவாசைப் பட்டியலின் வடிவத்துக்கு அக்குடிகளிடமிருந்தே அறுபதாண்டுக் காவல் எதற்கு என்பது எனக்கு விளங்கவில்லை.

போக்சனிடம் திரும்புவோம். அவர் பெரிய பார்வையாளர். சென்னைக்கு வந்த சில வாரங்களிலேயே, 1861 ஏப்ரல் 17ஆம் நாள், ஆசியக் கண்டத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட சிறுகோளைக் கண்டு, அதற்கு ஏஷியா என்றே பெயரிட்டார். ஆனால், 1862 முதல் 1887 வரை உச்சிவட்டக் கருவியால் எடுத்த விண்மீன் அளவைகள் நூல்களாக வெளிவரத் தொடங்கியது அவருடைய வாழ்வின் கடைசி ஆண்டுகளில்தான். 1891இல் அவர் மறைந்தபோது எஞ்சியவற்றை, அவருக்குப்பின் பொறுப்பேற்ற மிக்கி ஸ்மித் முடிக்க நேர்ந்தது. ஒளி மாறும் விண்மீன்களைப் பற்றிய அவருடைய குறிப்புகளோ 1908இல்தான் லண்டனில் அச்சேறின. பதிப்புரிமையைப் பற்றி இன்று நடக்கும் விவாதங்களில் ஒரு பக்கம் மறந்துபோகிறது: அறிவு பரவாமற்போனதற்குச் சந்தா காரணமாயிருந்த இடங்களைவிட, அளந்தவர் அச்சுக்குக் கொடுக்காமல் பெட்டியில் வைத்திருந்தது காரணமாயிருந்த இடங்கள் குறைவல்ல.

அந்தக் குறையைக் கொடைக்கானல் வானாய்வு நிலையம் தீர்த்தது என்று சொல்லலாம். 1901 முதல் சூரியனை நாள்தோறும் நோக்கிவந்த அந்நிலையம், தன் கண்டுபிடிப்புகளைச் சிறுசிறு அறிக்கைகளாக வரிசையெண்ணிட்டு வெளியிட்டுவந்தது. ஜான் எவர்ஷெட், சூரியனின் கரும்புள்ளிகளில் வாயுக்கள் மையத்திலிருந்து விளிம்பை நோக்கிப் பாய்வதை 1909 ஜனவரியில் கண்டார். இன்று உலகெங்கும் எவர்ஷெட் விளைவு என்று வழங்கும் அவ்வுண்மை விரிவாக வெளிவந்தது கொடைக்கானல் நிலையத்தின் 15ஆம் அறிக்கையில். அக்கால வழக்கப்படி இத்தகைய அறிக்கைகள் பிற நிலையங்களுக்கு அனுப்பப்பட்டன. அவர்களுடைய அறிக்கைகள் பதிலுக்கு இங்கே வந்து நூலகத்தை நிரப்பின. சந்தாவுமில்லை, தானமுமில்லை, பரிமாற்றம். கொடுப்பதற்கு ஏதேனும் உடையவர்களிடையே மட்டும் இயலும் முறை அது என்பதால், நிலையத்தைச் சாராத தனி ஆர்வலனுக்கு அதில் இடமில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். அவ்வறிக்கைகளின் உரிமைக்காலம் எப்போதோ கழிந்துவிட்டது. அவற்றையும், நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே எடுத்த சூரியப் படங்களையும் இந்திய வானியற்பியல் நிறுவனம் இன்று இணையத்தின் வழியே யாவர்க்கும் திறந்து வைத்திருக்கிறது.

பரிமாற்றம் ஆறஅமர நடக்கும் ஆய்வுக்குப் போதும். விரைவு வேண்டிய இடத்தில் போதாது என்பதை ஜவ்வாது மலையிலுள்ள காவலூரின் அனுபவம் காட்டுகிறது. 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. காவலூரில் 1 மீட்டர் தொலைநோக்கியோடு காத்திருந்த ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும், கோள் மறைக்கும் என்று எதிர்பார்த்த நேரத்துக்கு முன்னதாகவே விண்மீனின் ஒளி சில விநாடி மங்கி மீண்டதைப் பதிவு செய்தனர். அதே மறைப்பை இந்துமாக்கடலின்மேல் பறந்த விமானத்திலிருந்து நோக்கிய ஜேம்ஸ் எலியட்டின் குழுவினர், அத்தகைய மங்கல்கள் கோளின் இருபுறமும் இணையிணையாக அமைந்திருப்பதைக் கண்டு, யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உள்ளன என்னும் முடிவை அடைந்தனர். அம்மாதத்திலேயே ஒன்றியத்தின் சுற்றறிக்கைகள் அச்செய்தியைச் சுமந்து சென்றன. காவலூரார் கண்டதைப் புதியதொரு துணைக்கோளாக விளக்கிய கட்டுரை பின்னர் நேச்சர் இதழில் வெளிவந்தது. இருவர் கண்டதும் உண்மையே. வெவ்வேறு இடத்தார் கண்டவை விரைந்து ஓரிடத்தில் சேரும்போதுதான் பொருள் விளங்குகிறது. அந்தச் சேர்க்கையே சுற்றறிக்கை அலுவலகத்தின் பணி.

கேம்பிரிட்ஜில் 1968 முதல் 2000 வரை அப்பணியை நடத்தியவர் பிரையன் மார்ஸ்டன். வருகிற ஒவ்வொரு கண்டுபிடிப்பையும் அது முன்பே அறிந்த சிறுகோளா, தட்டில் விழுந்த கறையா, ஆர்வ மிகுதியால் வந்த மயக்கமா என்று சரிபார்த்து, பிழை நீக்கி, சுற்றுப்பாதை கணித்து, இரவு பகல் பாராமல் வெளியிட்ட அந்த அலுவலகம் பெரும்பாலும் சந்தாப் பணத்தைக் கொண்டே நடந்தது. அண்மைச் செய்தி சந்தாதாரர்க்கு, பழைய செய்தி யாவர்க்கும் என்னும் முறையை இணையம் வந்தபின் அது கையாண்டது. 1997 இறுதியில் ராபர்ட் ரட்லெட்ஜ் தொடங்கிய ‘அஸ்ட்ரானமர்ஸ் டெலிகிராம்’ எவரிடமும் காசு கேட்கவில்லை. வானவியலார் தாமே எழுதித் தாமே வெளியிட்டனர். வெடிவிண்மீன்களுக்குப் பெயரிடும் உரிமை 2016 முதல் மற்றொரு தானியங்கி இணையச் சேவைக்குச் சென்றது. காவலூரில் 1988இல் ஆர். ராஜமோகன் குழுவினர் கண்டறிந்த ராமானுஜன் போன்ற சிறுகோள்களைப் பதிவு செய்யும் மையமோ, பூமியின்மேல் மோதக்கூடிய பாறைகளைப் பற்றிய அச்சம் அரசாங்கத்தைத் தொட்டபின், நாசாவின் பணத்தில் கட்டணமின்றி இயங்குகிறது. பயம் பிறந்தால் பணம் பிறக்கிறது.

இதையெல்லாம் சீர்தூக்கும்போது, சந்தா வாங்கிய அலுவலகத்தைக் கொள்ளைக்காரனாகச் சித்திரிப்போரின் பக்கம் சேர எனக்கு மனமில்லை. அது விற்றது வால்வெள்ளியை அன்று. முந்திக்கொள்ளும் சில மணி நேரத்தையும், சொன்னது மெய் என்னும் உறுதியையும். இவ்விரண்டும் மனித உழைப்பால் உண்டாகிறவை. அவற்றுக்கு யாரேனும் கூலி கொடுத்தே தீரவேண்டும். நாள்பட்ட செய்தியையும் பூட்டி வைப்பதும், எண்களை எடுத்தாள்வதற்குத் தடை சொல்வதும் வேறு, அவற்றுக்கு நியாயமில்லை. இலவசச் சேவைகளிலும் கூலி மறைந்திருக்கிறதேயன்றி இல்லாமற்போகவில்லை. அதைப் பல்கலைக்கழகங்களும் அரசாங்கங்களும் செலுத்துகின்றன. பிழையைப் பிடிக்கும் பொறுப்பு மட்டும் அலுவலகத்திடமிருந்து வாசகனின் தலைக்கு வந்திருக்கிறது.

ஒரகடத்துப் பொறியாளர்களுக்கு இதையொத்த அனுபவம் அண்மையில் நேர்ந்தது. தகட்டின் வலிமை முதல் மின்கம்பியின் உறை வரை வரையறுக்கும் இந்தியத் தர நியமங்கள், சட்டத்தின் பலத்தோடு கட்டாயமாக்கப்பட்டவை உட்பட, நெடுங்காலம் விலைக்கே விற்கப்பட்டன. அவற்றை இணையத்தில் இலவசமாக ஏற்றியவர்களுக்கும் தர நிர்ணய அமைவனத்துக்குமிடையே எழுந்த பூசல் டெல்லி உயர் நீதிமன்றம் வரை சென்றது. இப்போது, அயல்நாட்டு அமைப்புகளின் நியமங்களை அப்படியே தழுவியவை நீங்கலாக, அமைவனமே அவற்றை இலவசமாக இறக்கிக்கொள்ள விடுகிறது. அதனால் அமைவனம் கலைந்துபோய்விடவில்லை. முத்திரை உரிமத்தின் வழியே வருமானம் வருகிறது.

ஆய்விதழ்களின் துறையிலோ நாம் எதிர்த்திசையில், பெருஞ்சந்தா ஒன்றைக் கட்டியிருக்கிறோம். மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25ஆம் நாள் ஒப்புதலளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தின்படி, 2025 முதல் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 வெளியீட்டாளரின் ஏறத்தாழ 13,000 இதழ்களை, மத்திய மாநில அரசுகளின் கீழுள்ள 6,300க்கு மேற்பட்ட நிறுவனங்கள் வாசிக்க வழி செய்யப்பட்டுள்ளது. முதற்கட்டத்தில் தனியார் கல்லூரிகளுக்கு இடமில்லை. ஸ்ரீபெரும்பூதூரைச் சுற்றி நெடுஞ்சாலையின் இருமருங்கும் நிற்கும் பொறியியற் கல்லூரிகளோ பெரும்பாலும் தனியாருடையவை. அங்கே பயிலும் மாணவன் ஒருவன் எவர்ஷெட்டின் 1909ஆம் ஆண்டு அறிக்கையை இன்றே எடுத்துப் படிக்கலாம். இந்திய அறிவியல் அகாதமி 1980 முதல் வெளியிட்டுவரும் வானியற்பியல் இதழின் கட்டுரைகளை அகாதமியின் தளத்திலேயே காசில்லாமல் பார்க்கலாம். ஆனால் அயல்நாட்டு இதழ் ஒன்றில் சென்ற மாதம் வெளியான கட்டுரை, அதன் ஆசிரியர் திறந்த களஞ்சியத்தில் ஒரு படி வைத்திருந்தாலன்றி, அவனுக்கு எட்டாது. திட்டத்தின் இரண்டாங்கட்டம் தனியார் கல்லூரிகளையும் சேர்த்துக்கொள்ளும் என்று சொல்லப்படுகிறது; அப்போது செய்யும் புது ஒப்பந்தத்தில், ஓராண்டு கழிந்த கட்டுரைகள் இந்நாட்டில் எவர்க்கும் திறந்திருக்க வேண்டும் என்னும் ஒரு ஷரத்தையாவது பேரம் பேசிச் சேர்ப்பதற்கு, 6,000 கோடி ரூபாய் கொடுக்கும் கைக்கு வலுவுண்டு.